பச்சை காட்டிய மூட்டை

பங்குனி 14, வெள்ளி

ராசாத்தி அக்காவின் கடலை இன்று கம்பெனி லாரியில் ஏறிவிட்டது, அவர் பெயர் இல்லாமல்.

எந்த மூட்டை எந்தக் கொல்லையில் விளைந்தது, அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று போனில் பதிவதுதான் என் வேலை. தை மாதம் பதியப் போனபோது, "உள்ளதைச் சொல்லுங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன். களை எடுக்க ஆள் கிடைக்காமல் புல் மருந்து அடித்ததை அவர் மறைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அடித்திருக்கிறார்கள். சொன்னவர் அவர் ஒருவர்தான். அதை அடித்த கடலையைக் கம்பெனி எடுக்காது என்று அப்போது எனக்கே தெரியாது.

இன்று காலை கொள்முதல் கொட்டகையில் அவருடைய பதிவு அட்டையை ஸ்கேன் செய்ததும் போனில் சிவப்பு விழுந்தது. திருப்பி அனுப்பினேன். மதியம் அவர் கொழுந்தன் முருகேசன் மூட்டைகளோடு வந்தார். நீட்டிய அட்டை முருகேசனுடையது. சாக்கு வாயைக் கட்டியிருந்தது காலையில் பார்த்த அதே நீலச் சேலைக் கிழிசல். தெரிந்தேதான் ஸ்கேன் செய்தேன். பச்சை காட்டியது.

காலையில் திருப்பிய அதே மூட்டைகள் என்று மேனேஜரிடம் சொன்னேன். "பச்சை வந்துருச்சுல்ல, ஏத்து" என்றார்.

கிளம்பும்போது அக்கா என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கோபம்கூட இல்லை.

"அடுத்த வருசம் கேட்டா என்ன சொல்லணும்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க தம்பி."

நாளை குளத்தூர்ப் பக்கம் புதுப் பதிவு. அங்கேயும் என்ன மருந்து அடித்தீர்கள் என்றுதான் கேட்கப் போகிறேன்.

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அடிக்கலைன்னு சொல்லிருங்கக்கா."