ஐந்தாவது காவல்

நாள் 212, 06:40
செவ்வாய்க் கோள், மூன்றாம் பசுமைக்கூடம். பதிவு: இசக்கியம்மாள், பயிர் நோயியல். வெப்பம் 22, ஈரப்பதம் 61. கோதுமை கதிர் விடுகிறது. நாற்பத்தொரு பேரின் சாப்பாடு இது. ஓர் இலையில் செங்காவிப் பொடி, பதினொரு புள்ளிகள். துருநோய்ப் பூஞ்சை. எப்படி வந்ததோ!

நாள் 219, 15:10
இந்த ரகத்துக்கு ஐந்து காவல் மரபணுக்கள். ஒவ்வொன்றும் பூஞ்சையின் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு தடுக்கும். பூஞ்சை அந்தப் புரதங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டுவிட்டது. நான்கு காவல் போச்சு. ஐந்தாவது அரைகுறையாக நிற்கிறது. "ஐந்தையும் ஏமாற்ற முடியாது" என்று கையெழுத்துப் போட்ட மகராசி நான்தான்.

முழுப் பயிரையும் எரிக்கச் சொன்னேன். உயிருள்ள இலை இல்லாவிட்டால் பூஞ்சை செத்துப்போகும். நாற்பத்தைந்து நாள் எங்கேயும் கோதுமை முளைக்கக் கூடாது.

நாள் 281, 07:05
மறுபடி விதைத்ததிலும் பொடி. ஐந்தாவதும் போச்சு. அறை அறையாகத் தேடினேன். சமையல் பார்க்கும் பேச்சித்தாயின் அறையில் முளைப்பாரி. அம்மன் கொடைக்குக் கோதுமையில் போட்டது. கரைக்க இங்கே ஆறேது? அந்த நாற்பத்தைந்து நாளும் தண்ணீர் தெளித்து வளர்த்திருக்கிறார்; பூஞ்சை அதில் பிழைத்துக்கொண்டது.

"சாமிக்குப் போட்டதும்மா. அதப் போயி பயிருன்னு நெனப்பனா?"

அதைச் சுற்றிக் கும்மியடித்தவர்களில் நானும் ஒருத்தி. சாமியைப் பார்த்தேன், இலையைப் பார்க்கவில்லை.

நாள் 330, 11:20
பட்டினி. என் தம்பி சுடலைமணியின் சரக்குக் கப்பல் வந்தது. அரிசியை மேலிருந்தே போடு, இறங்காதே என்று கெஞ்சினேன். பூமியில் விளையும் கோதுமையெல்லாம் இதே ஐந்து காவலை நம்பித்தான் நிற்கிறது.

"நீ கெடக்க கெடப்பப் பாத்துட்டு மேலயே நிக்கச் சொல்லுதியா?"

இறங்கினான். கட்டிப்பிடித்து அழுதோம். எழுந்து நடக்க முடியாத ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பூமிக்குப் பயணம் ஏழு மாதம். இலையில்லாமல் பூஞ்சை வித்து அவ்வளவு நாள் தாங்காது. தாங்காது.

நாள் 349
நேரம் பார்க்கவில்லை. தம்பியின் செய்தி:

"யக்கா, கப்பல்ல காத்துக்குக் கோதுமைப் புல்லு வளக்கோம்லா, நேத்து ஒரு இலையில காவிப்பொடி கணக்கா இருந்துச்சு. தொடச்சிட்டேன். ஒண்ணுமில்ல."

அந்தப் புல்தான் ஏழு பேருக்கும் மூச்சு. பிடுங்கு என்று எந்த வாயால் சொல்வேன்? இந்நேரம் வித்து கப்பல் முழுக்கப் பறந்திருக்கும். பூமியில் இறங்காதே என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். பாவி, அனுப்பிவிட்டேன்.

பதில் வந்திருக்கிறது.

"அப்போ நாங்க எங்கக்கா எறங்க?"