மஞ்சள் கயிறு கட்டிய படகு

என் அண்ணனுக்கு,

ஏரியில் இன்றும் பனி இறங்கிக் கிடக்கிறது, எதிர்க்கரை தெரியவில்லை. உன் படகு கரையோரம் கட்டியிருக்கிறது. வலப்பக்க எஞ்சின் மட்டும்தான் வேலை செய்கிறது. இடப்பக்கத்துக்கு என்ன ஆயிற்று என்றுதான் நீ முதலில் கேட்பாய். ஊர் அதைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டது. அதனால் ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதை உனக்குக் கடிதமாக எழுதுகிறேன். பொதுவில் பேசிப் பழக்கமில்லாதவள் என்று உனக்குத் தெரியும்.

நீ போன காலை நான் என் எஸ்டிடி பூத்தைத் திறந்து, புத்தகத்தைப் பிரித்திருந்தேன். டீக்கடைக்காரர் வந்து, "ராசு சாஞ்சுட்டானுங்க" என்றார். எந்த ராசு என்று கேட்டேன். அப்படி ஏன் கேட்டேன்? சேலத்துக்குக் கொண்டுபோன ஜீப் மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு அதே பூத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் செய்தேன். முப்பது வயதுகூட ஆகாதவன் என்று மறுமுனையில் அழுதார்கள். நான் அழவில்லை. ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியம், அதே குரல். கேட்டவர்கள் பயந்திருப்பார்கள்.

உன் படகு வந்த கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் முதலாளி தன் விருந்தினர் விடுதிக்கென்று எங்கிருந்தோ ஒரு பழைய ஜெட் படகை லாரியில் ஏற்றி வந்தார். அதற்கு விசிறி கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சிக்கொண்டு ஓடும். இரண்டு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இரண்டும் இறுகிப்போய் வந்தன. பைக் மெக்கானிக்குக்குப் படகு எதற்கு என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். "தண்ணியில ஓடற பைக்குதானுங்க இந்த போட்டு" என்று நீயும் சிரித்தாய். சிலிண்டர்களை உள்ளே கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டாய். முதலில் வலது, பல வாரம் கழித்து இடது.

ஒவ்வொன்றையும் மாட்டியதுமே ஆரம்பித்ததுதான் அந்த ரன்னிங்-இன், புது பிஸ்டனை மெல்ல ஓட்டிப் பழக்கும் வேலை. நான் பூத்துக்குப் போகும் முன், முன்பக்கம் பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னை உட்காரவைப்பாய். பெட்ரோலில் ஆயில் கொஞ்சம் கூடுதல். பாதி வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பாதியிலும் ஒரே வேகத்தில் நிற்கக்கூடாது, ஏற்றி இறக்க வேண்டும். பிறகு நடு ஏரியில் அணைத்துவிட்டு ஆறவிடுவாய். நான் படிப்பேன். நீ பாசியைக் கையால் அள்ளி ஒதுக்குவாய்.

கரையிலிருந்து உன் சிநேகிதர் முருகேசண்ணன், தன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கத்துவார். "ஏன்டா ராசு, எருமைகூட உன்னைத் தாண்டிப் போயிரும் போல."

"பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் ஒண்ணையொண்ணு பழகலைடா. புதுசாக் கண்ணாலம் ஆனவங்கள ஓட்டப்பந்தயத்துல உடுவியா நீ?"

கை தவறிக்கூட பாதியைத் தாண்டக்கூடாது என்று, வேகம் கூட்டும் இரண்டு த்ராட்டில் கைப்பிடிகளையும் சேர்த்துப் பின்னால் ஒரு கொக்கியில் கயிறு கட்டியிருந்தாய். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாங்கியதில் மிச்சம், மஞ்சள் கயிறு. பட்டறையில் கைக்கு அகப்பட்டது அதுதான். அது மஞ்சளாக இருந்ததுதான் வினையாகிவிட்டது அண்ணா.

உன் கருமாதி அன்று ஆண்களெல்லாம் ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். நான் அம்மா பக்கத்தில், சமையல் அடுப்புக்கு அருகே இருந்தேன். திடீரென்று ஏரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உச்சத்தில் அலறிக்கொண்டு, இறங்காமல், ஒரே வேகத்தில். அம்மா தலையைத் தூக்கி, "ராசு போட்டு சத்தமாட்ட இருக்குது" என்றாள்.

இல்லை. நீ இருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. நீ அதை ஒரு நொடிகூட வரவிட்டதில்லை. உன் உடலைப் பார்த்தபோதும், எடுத்துக்கொண்டு போனபோதும் எனக்குள் இறங்காத ஒன்று அப்போதுதான் இறங்கியது. நீ இல்லை. நீ இருக்கும் உலகத்தில் அந்த எஞ்சின் அப்படிக் கத்தாது.

துக்க வீட்டுப் பெண் அன்று வெளியே போகக்கூடாது என்று யாரோ என் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு ஓடினேன். கரைக்கு வரும்போதே கிறீச்சென்று இரும்பு கிழிவது போல ஒரு சத்தம். ஒரு எஞ்சின் நின்று, படகு ஒரு பக்கமாக இழுத்துச் சுழன்றது. மற்றதையும் யாரோ அணைத்தார்கள்.

துடுப்புப் போட்டு முருகேசண்ணன் கரைக்கு வந்தார். உனக்காக மழித்த தலை நனைந்திருந்தது.

"அவனுக்கு மருவாதி பண்ணோணும்னு நெனைச்சோம் சாமி. உசுரோட இருந்தவரைக்கும் மெல்லமாவே ஓட்டுனான். இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவன் போட்டு பறக்கட்டும்னு..."

"கயிறு எங்கங்கண்ணா?"

"காப்புக் கயிறுதானே கண்ணு அது? கட்டுனவனே போயிட்டான். கருமாதியன்னிக்கு அவுத்துத் தண்ணியில உடறதுதானே முறை?"

முறை தப்பாமல், மனதாரத்தான் செய்திருந்தார்கள். அது எதற்குக் கட்டிய கயிறு என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. செத்தவன் வேலை அரைகுறை, ஆளை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. என் பூத்தில் நின்றுகொண்டே ஒருவர் வாழவந்தியிலிருக்கும் தம் மச்சானுக்குப் போனில் அதைச் சொன்னார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதை மறந்துபோய். முதலாளி படகைப் பழைய இரும்புக்குப் போட லாரிக்குச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கடைசியாக நீ செய்த வேலை, கெட்டுப்போன வேலை என்ற பேரோடு மலை இறங்கப்போகிறது. சாப்பிடவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முருகேசண்ணனைக் கூட்டிக்கொண்டு முதலாளி பங்களாவுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், கணக்கெழுதும் ரைட்டரும் வேலையாட்களும் பார்த்திருக்க, அவரே முன்னால் போய் நின்றார்.

"ராசு வேலை சுத்தமுங்க. கெடுத்தது நானுங்க. லாரிய மட்டும் அனுப்பாதீங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். யார் ஓட்டிப் பழக்குவது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் குரலா என்று எனக்கே திடுக்கென்றது. கோடை சீசனுக்குள் இரண்டு எஞ்சினும் ஓடினால் லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இடது எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன் முழுக்க நகத்தால் கீறியது போலக் கோடுகள். சூட்டில் அது உப்பிவிட்டது, சிலிண்டர் இடம் கொடுக்கவில்லை. நீ சொன்னது அதுதானே? வலது அதிக நாள் பழகியிருந்ததால் தப்பித்தது. முருகேசண்ணன் இடது சிலிண்டரைத் துண்டில் சுற்றி, ஜீப் ஓட்டினால் மடியில் வைத்துக்கொள்ள முடியாதென்று பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் ரீபோர் செய்து, புது பிஸ்டனும் வாங்கி வந்தார். நாளைக்கு மாட்டுகிறோம்.

அதுவரை வலதை மட்டும் காலையில் ஓட்டுகிறேன். ஏற்றுகிறேன், இறக்குகிறேன், நடு ஏரியில் அணைக்கிறேன். முன்னால் பாரத்துக்கு முருகேசண்ணன். கேலி செய்வதில்லை, பாசியை அள்ளி ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் ஆறும்போது சில நாள் அழுகை வருகிறது. அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொள்கிறார்.

கைப்பிடியில் வேறு கயிறு கட்டிவிட்டேன். மஞ்சள்தான். வேறு நிறம் கட்ட மனம் வரவில்லை. இந்தத் தடவை ஊரில் எல்லோருக்கும் அது எதற்கென்று தெரியும், யாரும் தொடுவதில்லை.

இரண்டும் நன்றாகப் பழகும்வரை அதை அவிழ்க்கமாட்டேன் அண்ணா, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். பழகிவிட்டது என்று கைக்குத் தெரியும் காலையில் நானே அவிழ்த்துத் தண்ணீரில் விடுவேன். அப்புறம் முழுக்கத் திறப்பேன். அந்தச் சத்தம் வீடுவரை கேட்கும். அம்மா தலையைத் தூக்கி, ராசு போட்டு என்பாள். ஆமாம் என்று அன்றைக்குச் சொல்வேன்.

உன் படகின் முன்பாரமாக இருந்த தங்கச்சி,
பூங்கொடி