பாதி மழித்த முகம்

கொன்செப்சியோன்,
18 ஆகஸ்ட் 2004

அன்பு மகன் ரூபேனுக்கு, அப்பா எழுதுவது. உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் நலம், அவளுக்கு முழங்கால் வலிதான் குளிரில் கூடிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது. மாட்ரிட்டில் வெயில் கொளுத்துகிறதாமே, வெறும் வயிற்றோடு பாடப் போகாதே.

நம் நாட்டைப் பற்றி நீ பாடிய பாட்டுதான் இங்கே எல்லா வானொலியிலும். செம்மண், ஆறு, ஆரஞ்சு மரம் என்று முதல் இரண்டு அடியைக் கேட்டபோது என் கண் கலங்கியது உண்மை. என் சவரக் கடையில் நாலு பேர் இருந்தார்கள், சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பிறகு மூன்றாவது அடி வந்தது. சீருடைக்காரர்கள் உன் அப்பாவைச் சவரக் கடை நாற்காலியிலிருந்து பாதி மழித்த முகத்தோடு இழுத்துப் போனார்கள், அவர் திரும்பவே இல்லை என்று பாடுகிறாய். பத்திரிகைப் பேட்டியிலும் அப்படியே சொல்லியிருக்கிறாய். கடையில் ஒரே சிரிப்பு. "யோவ் லியோன்சியோ, பையன் உன்னைச் சாகடிச்சிட்டானே, அப்போ எனக்கு முடி வெட்டுறது உன் ஆவியா?" என்று கேட்டான் மீன்காரன்.

அடுத்த வீட்டுத் தோமாசா சிரிக்கவில்லை. எனக்குக் கொடுக்க மடி நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். "அண்ணே, பாதி முகமா?" என்று மட்டும் கேட்டாள்.

ரூபேன், நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அதை உன்னிடம் சொன்னேன். பெற்ற மகன் என்று நம்பிச் சொன்னேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ராணுவ ஆட்சிக் காலத்தில் தோமாசாவின் புருஷன் மாக்சிமோவை, பாதி முகம் மழித்து என் கையில் கத்தி இருக்கும்போதுதான் பிடித்துப் போனார்கள். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "லியோன்சியோ, அவகிட்ட சொல்லிடு" என்றான். "நீ எதையும் பார்க்கல" என்றான் சீருடைக்காரன். நான் பார்க்காதவனாகவே ஆகிவிட்டேன். சவரம் முடிந்து சிரித்துக்கொண்டே போனான், வழியில் என்ன ஆனதோ என்று அவளிடம் சொன்னேன். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சிரித்த முகத்தை நினைத்துத்தான் அவள் தூங்கியிருக்கிறாள்.

அவள் சமையலறையில் சாப்பிட்டு வளர்ந்தவன் நீ. அவளுக்கு நானே சொல்லியிருக்க வேண்டியதை வானொலியைச் சொல்ல வைத்தாய். அதுவும் அவள் புருஷனை எடுத்துவிட்டு, பயந்து நின்ற என்னைத் தியாகியாக்கி. கைதட்டுக்காகவா? என்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடமாவது தோன்றவில்லையா? எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

கடையை அடைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சு கீழே உருண்டது, பொறுக்காமலே போய்விட்டாள். நாலாம் நாள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மன்னிச்சிட்டேனான்னு மட்டும் கேக்காதீங்கண்ணே. பையன்கிட்ட சொல்லுங்க, பாட்டை நிறுத்த வேணாம். அவரு பேரைப் போட்டுப் பாடச் சொல்லுங்க." எழுந்து போய்விட்டாள். இப்போது வேலிப் பக்கம் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

டிசம்பரில் தலைநகரில் பாட வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் உன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அந்தப் பத்திரிகைக்காரரிடம் நீயே சொல்லிவிடு. மேடையில் மாக்சிமோ அகினோ என்று முழுப் பெயரையும் சொல்லிப் பாடு. நானும் அம்மாவும் வருவோம், தோமாசாவும் வருவதாக அம்மாவிடம் சொன்னாளாம். நீ சொல்லாவிட்டால் அவ்வளவு கூட்டத்திலும் நான் எழுந்து நின்று சொல்வேன். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன், இனி நிற்க மாட்டேன்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசு. நான் இப்போதைக்குப் பேச மாட்டேன். கன்னி மாதா உன் குரலையும் உன்னையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா
லியோன்சியோ