பத்தொன்பது புள்ளிகள்

சாலை, திருவனந்தபுரம்
24.9.2025

கர்த்தருக்குள் அன்பான எலிசாள் அக்காவுக்கு, தம்பி தாசையன் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேடு. பத்து நாளாக நான் கூலிங் கிளாஸ் போட்டுத் திரிவது ஸ்டைலுக்கு அல்ல. எனக்கும் மஞ்சள் காமாலை. சமையல்காரனுக்கே வந்துவிட்டது என்று தெரிந்தால் நீ சர்ச்சில் கொட்டு அடிப்பாய் என்றுதான் மறைத்தேன். பழவங்காடியில் ஒருத்தன் நடிகன் என்று நினைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் என் எடுபிடிப் பையன் ஷிபு கையில் இந்தக் கடிதம். ரெம்யா நிச்சயதார்த்தத்தில் என் பிரியாணி தின்றுதான் இத்தனை பேருக்கும் காமாலை என்கிறாய். அவள் கல்யாணத்துக்கு வேறு சமையல்காரனைப் பேசிவிட்டாயாம். தாய்மாமன் நான் பந்தியில் உட்கார்ந்து அந்நியன் குழம்பையா தின்ன வேண்டும்?

நேற்று சுகாதாரத் துறையிலிருந்து ரேஷ்மி என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் இல்லை, கணக்குப் படித்தவள். யாருக்கு எந்தத் தேதியில் நோய் தொடங்கியது என்று மட்டும் கேட்டு, ஒரு தாளில் தேதிவாரியாக ஆளுக்கொரு புள்ளி வைத்தாள். பத்தொன்பது புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு குன்றுபோல நின்றன.

“சேட்டா, இந்தக் கிருமி உடம்புக்குள்ள பதினஞ்சு நாள் முதல் அம்பது நாள் வரைக்கும் ஒளிஞ்சிருக்கும். ஒரு ஆளை வச்சுச் சொல்ல ஒக்காது. பக்ஷே எல்லாரையும் சேர்த்து வச்சா சொல்லலாம்” என்றாள். நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாளே முதல் ஆள் படுத்துவிட்டதால் பிரியாணி இல்லையாம். பிறகு குன்றின் உச்சியிலிருந்து, சராசரிக் கணக்கு என்று இருபத்தெட்டு நாட்களைப் பின்னால் எண்ணி, “ஆகஸ்ட் பத்து. ஒண்ணு ரெண்டு நாள் முன்னே பின்னே. அன்னைக்கு எல்லாரும் எங்க கூடினீங்க?” என்றாள்.

உன் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் அன்றுதான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அக்கா. உன் கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து நீ எல்லாருக்கும் கொடுத்தாயே, நான் ஆறு டம்ளர் குடித்தேன். நம் பத்தொன்பது உடம்பும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே நாளைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு ஓடியவன் நான். அந்தத் தாளை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

சண்டைக்கு எழுதவில்லை. கிணற்றைச் சோதிக்கச் சொல்.

உன் தம்பி
தாசையன்

கழக்கூட்டம்
5.10.2025

அன்புத் தம்பி தாசையனுக்கு அக்கா எழுதுவது.

சோதித்தார்கள். கக்கூஸ் குழி கிணற்றுக்குள் கசிகிறதாம். நீ சொன்னது சரி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் இன்று காலை சர்ச்சில் எழுந்து நின்று, “காமாலை எனக்க கிணத்துலருந்து வந்தது, எனக்க தம்பி பிரியாணியிலருந்து இல்ல” என்று சொல்லிவிட்டேன். பாஸ்டர் அடுத்த பாட்டைத் தொடங்க மறந்துவிட்டார்.

பேசி வைத்த அந்தச் சமையல்காரனை வேண்டாம் என்றுவிட்டேன். ரெம்யா கல்யாணத்துக்கு நீதான் சமைக்கிறாய். கண் வெளுத்த பிறகு வா.

கிணற்றில் ஊற்ற வாளியில் பிளீச்சிங் பவுடர் கலக்கி வைத்தேன். அத்தான் அதைச் சோப்புத் தண்ணீர் என்று எண்ணி, கல்யாணத்துக்குத் தைத்த கறுப்பு பேண்டை ஊறப்போட்டார். பேண்ட் இப்போது கறுப்பு இல்லை.

அக்கா
எலிசாள்