நடு ஆற்றில் குறையும் வேகம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லாரும் சுகம், மோட்டாருக்குத்தான் சுகமில்லை. ஆள் ஏறியதும் படகு நன்றாகத்தான் கிளம்புகிறது. நடு ஆற்றுக்குப் போனதும் இழுவை விட்டுப்போகிறது. நேற்று அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸ் அக்கா, "இதுக்கு நான் நீந்தியே போயிருப்பேன்"னு சொல்லிவிட்டு இறங்கினார். அப்பா சிரிக்கவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்றால், "கப்பல் இன்ஜினையே கழட்டி மாட்டுறவன் என் பையன். அவன்கிட்ட கேளு" என்கிறார். அடுத்த மாதம் நீ வந்து படகை எடுத்துக்கொள்வாய் என்று துறையில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. வேலை கொடுத்த பட்டணத்து லேபுக்கு, அண்ணன் வந்ததும் சேர்கிறேன் என்று நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் வாலு

மார்ச் 12

அன்பு வாலுவுக்கு,

நடுக்கடலில் போன் எடுக்காது. கரை தொட்ட பிறகுதான் உன் கடிதம் கைக்கு வந்தது.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா என்று பார். அடுத்து, வேகம் குறையும்போது பெட்ரோல் குழாய் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையை அழுத்து. வேகம் திரும்பினால் பெட்ரோல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். குழாயில் விரிசல் இருக்கும். திரும்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார். மோட்டார் மட்டும் அலறி, படகு நகராவிட்டால் தண்ணீருக்குள் சுழலும் விசிறி வழுக்குகிறது.

அப்பாவை அதட்டாதே. அது அவர் கைபட்டுப் பழகிய மோட்டார்.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னது சரி. உருண்டையை அழுத்தியதும் வேகம் வந்தது. குழாயின் நுனியில் மயிரிழை விரிசல். வெட்டியெறிந்துவிட்டு மாட்டினேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. அப்பாடா என்று படுத்தேன்.

மறுநாள் அப்பா ஓட்டினார். மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் தணிந்ததும் மோட்டாரைப் பார்க்கவில்லை, அவர் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் மெல்லப் பிரிகின்றன, வேகத்தைக் கூட்டும் முறுக்குப்பிடி தானாகப் பின்னால் சுழல்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. "பாத்தியா, மறுபடியும் விட்டுருச்சு சனியன்" என்று மோட்டாரைத் திட்டுகிறார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். லேசான பக்கவாதம் எப்போதோ வந்துபோயிருக்கிறதாம். மோட்டாரில் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன். இதை நான் எப்படிச் சரிசெய்வேன், அண்ணா? எப்போது வருகிறாய்?

வாலு

ஏப்ரல் 2

அன்பு வாலுவுக்கு,

படித்ததும் மனசே சரியில்லை. ஒரு வழி இருக்கிறது. முறுக்குப்பிடிக்கு அடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதை நன்றாக இறுக்கிவிடு. பிறகு கை தளர்ந்தாலும் பிடி சுழலாது, வேகம் குறையாது. அப்பாவும் நிம்மதியாக ஓட்டலாம். அப்படியே கியர் ஆயிலையும் மாற்றிவிடு. பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது.

இங்கே ஆள் பற்றாக்குறை. ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டிக் கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

அந்தத் திருகை நான் இறுக்கவில்லை. வேகம் குறையாமலே அவர் மயங்கிச் சரிந்தால் படகு ஆள்களோடு எங்கே போய் முட்டும்? நீ இன்ஜின்காரன். இதைக்கூட யோசிக்காமலா எழுதினாய்?

உன் சேதியை அப்பாவிடம் சொன்னேன். "வேலைன்னா அப்படித்தான்"னார். மறுநாள் துறைக்கு வந்தவர், எப்போதும் உட்காரும் பின்பலகைக்குப் போகவில்லை. பயணிகளோடு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் பின்பலகையில் உட்கார்ந்து மோட்டாரை இழுத்துக் கிளப்பினேன். அக்கரை சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இறங்கும்போது மட்டும், "கரைக்கிட்ட இன்னும் கொஞ்சம் முன்னாடியே வேகத்தைக் குறைம்மா" என்றார்.

லேபுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே, கோபப்படத் தெம்பில்லை. விடிந்தால் முதல் நடை போக வேண்டும்.

மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. இனி அதைப் பற்றி நீ எழுத வேண்டாம். அப்பாவைப் பற்றிக் கேட்பதானால் எழுது; பதில் போடுகிறேன்.

தங்கை