கிழக்குக் கூடம், இருபத்தொன்பது டிகிரி

நாள் 1. 2068 மே 3. காலை 6:00
வெளியே 34 டிகிரி. மேற்குக் கூடம் 27. கிழக்குக் கூடம் 27.
பதிவு செய்பவர் அங்கயற்கண்ணி, கட்டட ஆய்வாளர். இராமநாதபுரம் கடலோரத்தில் எழவிருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாதிரிக் கட்டடங்கள் இரண்டு கட்டியிருக்கிறோம். மேற்குக் கூடம் என் வடிவமைப்பு. இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவே பாசி வளரும் நீர். பாசி வெயிலைக் குடித்துவிட்டு நிழலைத் தரும். கிழக்குக் கூடம் என் இளைய சக ஆய்வாளர் சகாயமேரியுடையது. மண்கட்டி, துளைச்சுவர், காற்றுக் கோபுரம். இருபத்தொரு நாளைக்கு வெளி மின்சாரம் கிடையாது. அவரவர் கட்டடத்தில் அவரவர் தனியாகத் தங்க வேண்டும், வெளியேறினால் தோல்வி. உள்ளே குறைந்த வெப்பம் காட்டும் கூடம் வெல்லும், அதைப் போலவே பன்னிரண்டு கட்டடங்கள் எழும்.
இரண்டுக்கும் பொதுவாக மண்ணுக்கடியில் ஒரு காற்றுக்குழாய் இருக்கிறது. அதன் வாய் நடுத்திடலில். வெளிக்காற்று மண்ணுக்குள் குளிர்ந்து இரு பக்கமும் பிரிந்து வரும். பிரிக்கும் பலகை என் அடித்தளத்தில். இப்போது சரிபாதியாக நிற்கிறது.
எல்லாம் சீர்.

நாள் 4. மதியம் 2:10
வெளியே 44. மேற்கு 30. கிழக்கு 28.
அவளுடைய துளைச்சுவரில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறதாம். வானொலியில் சொன்னாள். "அக்கா, வாடகை குடுக்காம குடிவந்துட்டாங்க. நீங்களும் இருந்திருந்தா சிரிச்சிருப்பீங்க." நான் வாழ்த்துச் சொன்னேன்.
என் கண்ணாடியில் எந்தப் பறவையும் கால் ஊன்ற முடியாது. வழுக்கிவிடும்.

நாள் 7. மதியம் 1:45
வெளியே 46. மேற்கு 32. கிழக்கு 29.
நீர் சுற்றும் பம்பு இரண்டில் ஒன்று சூடேறி நிற்கிறது. பாசி மஞ்சளாகிறது.
திறப்பு விழா நினைவுக்கு வருகிறது. துணைவேந்தர் அவள் மண்சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு என் சுவருக்கு வந்து, "இது எந்தக் கம்பெனி கண்ணாடிம்மா?" என்று கேட்டார். பதினொரு ஆண்டு ஆய்வு. எந்தக் கம்பெனி.

நாள் 9. காலை 11:20
வெளியே 46. மேற்கு 33. கிழக்கு 29.
காற்றுப் பங்கீட்டைச் சரிபார்க்க, பலகையைக் கிழக்குப் பக்கம் சிறிது சாய்த்தேன்.

நாள் 11. மாலை 4:00
வெளியே 47. மேற்கு 32. கிழக்கு 29.
ஒன்பதாம் நாள் எழுதியது பொய். எதையும் சரிபார்க்கவில்லை. அவளுடைய எண் ஏற வேண்டும் என்றுதான் சாய்த்தேன்.
நேற்று 31 வரை ஏறியது. நன்றாகச் சாப்பிட்டேன். இன்று அவள் துளைச்சுவரில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். மறுபடி 29. ஒரு சாக்கு! நான் பாசியின் மரபணு வரை போய்த் திரும்பினேன். அவள் சாக்கை நனைக்கிறாள்.
பலகையை அவள் பக்கம் பாதி மூடினேன்.

நாள் 13. பிற்பகல் 3:30
மணல் புயல். இரண்டு மணி நேரம். கட்டுப்பாட்டறையின் வானொலிக் கோபுரம் சாய்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து எங்களைக் கண்காணிக்கும் பொறியாளர் வேலுச்சாமியின் குரல் இல்லை. கூடங்களுக்கு இடையிலான வானொலியும் வெப்பநிலைத் திரையும் மட்டும் வேலை செய்கின்றன.
"அக்கா, காத்து ரொம்பக் கம்மியா வருது. உங்க பக்கம் எப்படி?"
"இங்கேயும் அப்படித்தான்" என்றேன். என் பக்கம் சட்டை பறக்கிற காற்று.

நாள் 14. காலை 10:40
வெளியே 48. மேற்கு 34. கிழக்கு 32.
இரண்டாவது பம்பும் போய்விட்டது. பாசி செத்து நாறுகிறது. கண்ணாடி முழுக்கப் பழுப்பு. என் கட்டடம் தோற்றுவிட்டது, அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் வெல்வதை நான் பார்க்க வேண்டியதில்லை.
பலகையை முழுதும் மூடினேன்.

நாள் 14. மதியம் 1:15
வெளியே 49. மேற்கு 36. கிழக்கு 37.
முதல் முறையாக அவள் எண் என்னுடையதைவிட அதிகம். எழுந்து நின்று பார்த்தேன்.

மதியம் 1:30
அவள் பேசினாள். அப்படியே எழுதுகிறேன்.
"அக்கா, குழாய் வாயில மணல் அடைச்சிருக்கும்னு நெனைக்கிறேன். நான் போய் அள்ளிப் போட்டுட்டு வந்துர்றேன். வெளிய போனா தோல்விதான், தெரியும். இருக்கட்டும். உங்களுக்கும் மூச்சு முட்டும்ல. நீங்க வெளிய வராதீங்க, உங்களுக்கு ரத்த அழுத்தம் வேற இருக்கு."
போகாதே, மணல் இல்லை, நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. வெளியேறினால் தோற்பாள் என்று கணக்குப் போட்டது மனம். அந்த ஒரு நிமிடத்தை எப்படி எழுதினாலும் அது அதுதான்.

மதியம் 1:50
கண்ணாடி பழுப்பாக இருக்கிறது, வெளியே தெரியவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். குழாய் வாயருகே குனிந்திருக்கிறாள். மண்வெட்டி கையில்.

மதியம் 2:05
குனிந்தபடியே இருக்கிறாள். கை அசையவில்லை.
கூப்பிட்டேன். கூப்பிட்டேன்.
பலகையைத் திறந்துவிட்டேன். போகிறேன்.

நேரம் பார்க்கவில்லை. கிழக்குக் கூடத்தில் எழுதுகிறேன்.
இழுத்து வந்தேன். செருப்பு வழியில் கழன்றுவிட்டது, என் பாதம் கொப்பளித்திருக்கிறது. என் கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள். இங்கே காற்று வரத் தொடங்கியதும் சுவர் தானாகவே குளிர்ந்தது. நனைந்த சாக்கை அவள் மேல் போர்த்தினேன். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமினாள்.

மாலை 5:20
கிழக்கு 29.
கண் திறந்தாள். முதலில் என் பாதத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தை.
"அங்க மணலே இல்லையேக்கா. குழாய் நல்லா இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."
நான் சாக்கை மறுபடி நனைத்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மாலை 5:45
கோபுரத்தைச் சரிசெய்துவிட்டார்கள். வேலுச்சாமி இரைச்சலுக்கு நடுவே கத்துகிறார்: "ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க? மேடம்? கிழக்குல காத்து நின்னதா பதிவு காட்டுதே, ஏன்? யாராவது பதில் சொல்லுங்க!"
சகாயமேரி ஒலிவாங்கியை எடுத்தாள். என் பக்கம் நீட்டினாள்.
"நீங்களே சொல்லுங்கக்கா."
இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். வாங்கப் போகிறேன். சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். முதுகு இவள் சுவரில் சாய்ந்திருக்கிறது. மண்பானை போல ஜில்லென்று இருக்கிறது. இந்த நிமிடத்தில்கூட, இவள் பிழைத்த நன்றியைவிட, இந்தச் சுவர் என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றுகிறது.