கச்சான் மட்டும் சிவப்பு

இஞ்சாருங்கோ,

இன்று காலை பக்கத்துக் கடையில் கச்சான் வறுக்கும் வாசம் வந்தது. வறுத்த வேர்க்கடலைக்கு எல்லாருக்கும் வாயூறும். எனக்கு இப்போது அந்த வாசம் ஆகாது; கதவைச் சாத்தினேன்.

ரூ பெர்தொனே தெருவில், இந்தக் கடையில் நாங்கள் சாப்பாட்டு ஓடர் எடுக்கத் தொடங்கிய காலத்தில் எக்செல் வேலை உங்களுடையது. ஒரு ஓடருக்கு ஒரு கட்டம். 'புளிச்சாதம், கச்சான் போடக்கூடாது, மத்தியானத்துக்கு முதல்' என்று அடித்துவிட்டு, கட்டத்துக்குள் மறுபடி புகுந்து, 'கச்சான் போடக்கூடாது' என்ற எழுத்துகளை மட்டும் பிடித்துச் சிவப்பாக்குவீர்கள்.

"முழுக் கட்டத்தையும் சிவப்பாக்கினா என்னப்பா? சும்மா மினக்கெடுறியள்" என்று சினப்பேன்.

"எல்லாம் சிவப்பெண்டா ஆர் பாக்கப்போயினம்? பயப்பிட வேண்டிய இடத்தில மட்டும் பயப்பிட வேணும்."

நெஞ்சுநோவை வாய்வு என்று சொல்லித் திரிந்த மனுசன் சொன்ன சொல் இது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்த நெஞ்சுநோவிலேயே நீங்கள் கண்மூடினபின் மகன் புது முறை செய்து தந்தான். நான் உங்களைப்போலவே அடித்துச் சிவப்பாக்கும் ஓடர்கள் சமையலறையில் ஒட்டும் தாளுக்குத் தானாகவே போய்ச் சேரும். எழுத்தெல்லாம் தாளுக்குப் போனது; சிவப்பு நிறம் மட்டும் கூடப் போகவில்லை. நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

போன சனிக்கிழமை வில்லியே லே பெல் என்ற ஊரில், கச்சான் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள்; சாப்பாடு எங்களுடையது. சாப்பாடு ஏற்றிய வான் வண்டி போய் வெகுநேரத்தின் பின் அந்தத் தாளைக் கண்டேன். 'கச்சான் போடக்கூடாது' என்ற உங்கள் எச்சரிக்கை மற்றச் சொற்களோடு சொல்லாகக் கறுப்பில் கிடந்தது. சமையல்காரத் தம்பி வழமைபோல் சிவப்பைத் தேடியிருக்கிறான். காணவில்லை என்றதும் கச்சானை அள்ளிப் போட்டுவிட்டான்.

ஐயோ, பாய்ந்து போனை எடுத்தேன். டிரைவருக்கு அடித்தால் எடுக்கவில்லை. அந்தச் சின்னத் தொண்டை வீங்குவது என் கண்முன்னே தெரிந்தது. பிள்ளையின் தாய்க்கு அடித்தேன்.

"சோறு வந்திட்டுதக்கா, இப்பதான் திறக்கிறம்."

"தொடாதேங்கோ! பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"இல்லையக்கா, இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."



மகன் திருத்தித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது சமையலறைத் தாளை நானே அடித்து, நானே சிவப்பாக்குகிறேன். அச்சடித்த பிறகும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன்.

நேற்று அந்தப் பிள்ளை தாயோடு கடைக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வடையைக் காட்டி, இதில் கச்சான் இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டது. காலையில் நானே அரைத்து, நானே சுட்ட வடை. இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், உள்ளே போய் மாச் சட்டியையும் எண்ணெய்ப் போத்தலையும் பார்த்துவிட்டு வந்துதான், "இல்லையம்மா" என்றேன்.